ஆலம்பரையில் கிடைத்த பதில்

எங்கள் குப்பத்தில் ஓர் ஆள் செத்துப்போவது வேறு, காணாமல் போவது வேறு. செத்துப்போனால் பதினாறாம் நாள் கருமாதியோடு அழுகை ஓய்ந்து, மறுநாளே வீட்டில் உலை கொதிக்கத் தொடங்கிவிடும். காணாமல் போனவனுக்குப் பதினாறாம் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. என் சித்தப்பா காணாமல் போனவர். அவர் விஷயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதில் செய்ததற்கெல்லாம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்டால்தானே!

சாந்தோமுக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவில், மணலும் ஹவுசிங் போர்டு குடியிருப்பும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் எங்கள் வீடு. ஒன்றரை அறை. அதற்குள் நைனா, அம்மா, நான், கைக்குழந்தையாக ஒரு தம்பி, நைனாவின் அக்காவான என் அத்தை, நைனாவின் தம்பியான சித்தப்பா, அவர் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த சித்தி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கு அவர் வீட்டுத் தலைவர். ராஜ்ஜியம் முழுக்க அத்தையுடையது. தலையில் கூடையோடு ராஜா அண்ணாமலைபுரம் தெருத்தெருவாக மீன் விற்று, இரண்டு தம்பிகளையும் ஆளாக்கியவள் அவள். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள். கேட்டுக்குள் நின்றபடியே பேரம் பேசுகிற பங்களா அம்மாக்கள்கூட அத்தையிடம் இரண்டாம் முறை விலை கேட்க மாட்டார்கள்.

அத்தைக்குச் சித்தப்பாதான் உசிர். எனக்கும்தான், பொய் சொல்வானேன். கரை ஏறியதும் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மணலில் ஓடுவார். சட்டைப் பையில் எப்போதும் கமர்கட் இருக்கும். பாட்டு, விசில், கிண்டல், சிரிப்பு எல்லாம் அவரிடம்தான். சித்தி அதற்கு நேர்மாறு. பேச்சு குறைவு, பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பாள். அவள் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. பைப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். இன்னொரு சமயம் உதடு வீங்கியிருந்தது. அதுவும் பைப்படிதான். எங்கள் குப்பத்துப் பைப்படி அத்தனை வழுக்கல் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம், "பார்த்துப் போ பாப்பா" என்று வேறு சொல்வாள். நானும் பார்த்துத்தான் போவேன்.

ஒரு ஐப்பசியில், கடலுக்குப் போகாதீர்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போன மறுநாள், சித்தப்பாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். போட் திருவான்மியூர் பக்கம் கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. மூன்றாம் நாள் கூட்டாளி கொட்டிவாக்கத்தில் கரை ஒதுங்கினார். அவர் வீட்டில் அழுது முடித்தார்கள். சித்தப்பா ஒதுங்கவே இல்லை.

என் தம்பி சாகவில்லை என்று அத்தை அன்றைக்கே அறிவித்துவிட்டாள். முதல் மாதம் ஆந்திரா போட்காரர்கள் அவரைத் தூக்கிப்போய்க் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் அவர் சிலோன் ஜெயிலில் இருந்தார். ஆறாம் மாதம் தலையில் அடிபட்டு, தான் யாரென்றே தெரியாமல் ஏதோ ஓர் ஊரில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அதுவரை சித்தி செய்ய வேண்டியது என்று ஒரு பட்டியலே இருந்தது. பொட்டும் பூவும் குறையக் கூடாது. விளக்கு வைத்தபிறகு தலை வாரக் கூடாது. குப்பத்தைத் தாண்டி ஓரிரவும் தங்கக் கூடாது. தினமும் மத்தியானம் சித்தப்பாவுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, நடு மீன் துண்டு வைத்து, கடல் பக்கம் பார்த்து வைக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து அந்தத் தட்டு எனக்கு வரும். அந்தப் பதினோரு மாதத்தில் நான் நன்றாகச் சதை போட்டேன்.

சித்தி எனக்குப் பக்கத்தில்தான் படுப்பாள். என் தலையைப் பின்னிவிடுவாள், கணக்குப் போட்டுத் தருவாள், கிழிந்த பாவாடையைத் தைத்த இடமே தெரியாமல் தைத்துத் தருவாள். கல்யாணத்துக்கு முன்னால் டெய்லரிங் படித்தவள். அம்மாவுக்குத் தம்பியோடு சரியாகப் போய்விடும். அதனால் எனக்கு எல்லாமே சித்திதான். சித்தப்பா இல்லாத வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் சித்தி முழுசாகக் கிடைத்தாளே என்கிற ஒரு திருப்தியும் கூடவே இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வருஷம் திரும்ப இருபது நாள் இருக்கும்போது சித்தியின் அப்பா வந்தார். ஒரு காலத்தில் அவரும் கடலுக்குப் போனவர்தான். பிறகு கும்பிடு போட்டுவிட்டு, கடல் வாடையே படாத கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். அதனாலேயே அத்தைக்கு அவரைக் கண்டால் இளக்காரம். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் மெதுவாகத்தான் பேச்சை எடுத்தார்.

"பதினோரு மாசம் ஆய்டுச்சும்மா. பொண்ணுக்கு இருபத்திரண்டுதான் ஆவுது. ஒரு முடிவு சொல்லிட்டீங்கன்னா நான் இட்டுகினு போய்டுவேன். கிண்டில ஒரு தையல் கம்பெனில சொல்லி வெச்சிகிறேன்."

"இன்னா முடிவு?" என்று அத்தை எழுந்து நின்றாள். "என் தம்பி உசிரோட கீறான். உசிரோட கீறவனுக்கு எவன்யா கருமாதி பண்ணுவான்? இவ கழுத்துல கீறத அறுத்துட்டு, நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னான்னா இன்னா சொல்லுவ நீ?"

பெரியவர்கள் இருவரும் மணலைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அத்தையிடம் பயம். கடைசியில் அத்தையே வழியும் சொன்னாள். "ஆலம்பரைக் கோட்டைக்குப் போலாம். அங்க செவுரு சொல்லட்டும். பதில் வந்துச்சுன்னா, அவன் வர்ற வரைக்கும் இவ எங்க ஊட்லயேதான் இருக்கணும், நீ இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. வரலைன்னா..." முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வரலைன்னா அங்கயே கழட்டிக் கடல்ல போட்டுட்டு, அப்படியே இட்டுகினு போய்க்கோ" என்றாள்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சித்தியை யாரும் கேட்கவில்லை. அவள் அப்பாதான் எழுந்து போகும்போது, "இன்னாம்மா சொல்ற?" என்றார். எதற்கும் யோசித்துப் பதில் சொல்கிற சித்தி அன்றைக்கு யோசிக்கவே இல்லை. "போலாம் நைனா" என்றாள்.

பதில் வராவிட்டால் சித்தி போய்விடுவாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. கே.கே. நகர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் பார்த்தால், சித்தி ஒரு நீலநிற ஜிப் பையில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு புடவை, டெய்லரிங் நோட்டு, காகிதத்தில் சுற்றிய பெரிய கத்தரிக்கோல். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சித்தி எல்லாத்தையும் எடுத்துக்கற?"

"சும்மாதான் பாப்பா. எதுக்கும் இருக்கட்டும்."

பாவம், கெட்டது நடந்தாலும் தாங்கிக்கொள்ள இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

என்னை அழைத்துப் போவதாக ஏற்பாடே இல்லை. அத்தை, நைனா, சித்தி, சித்தியின் அப்பா என்று நாலு பேர் போவதாகத்தான் பேச்சு. விடியற்காலை கிளம்புகிற நேரத்தில் அத்தைக்குத் திடீரென்று உறைத்தது. நாலு பேராகப் போவது பாடை தூக்கப் போகிற கணக்கு. டிரைவரைச் சேர்த்தால் ஐந்து என்றார் நைனா. வாடகை வண்டி டிரைவரெல்லாம் கணக்கில் வர மாட்டான் என்று சொல்லிவிட்டாள். அம்மாவால் கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது. தூங்கிக்கொண்டிருந்த என்னை உலுக்கி எழுப்பி, பாவாடையை மாட்டி, மீன் ஏற்றுகிற வேனில் தூக்கி வைத்தார்கள். இப்படித்தான் நான் ஐந்தாவது ஆளாகப் போனேன். அந்த நாலு பேர் கணக்கு மட்டும் அத்தைக்கு ஞாபகம் வராமல் போயிருந்தால்! சரி, அதை இப்போது பேசி என்ன?

ஐப்பசி பிறந்திருந்தது. மழை விட்டிருந்தாலும் வானம் வெளுக்கவில்லை. அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் சவுக்குத் தோப்புக்கு நடுவில் விட்டுவிட்டுக் கடல் தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அத்தை மட்டும் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து கோட்டைக் கதையைச் சொன்னாள். சித்திக்குச் சொல்வது போல, சித்தியின் அப்பாவுக்குக் கேட்கும்படி.

நவாப் காலத்தில் அந்தக் கோட்டைக்குக் கப்பல்கள் வருமாம். கப்பலுக்கும் கரைக்கும் படகு தள்ளுகிறவன் ஒருவன், நம் ஜாதி ஆள், ஒருநாள் புயலில் போனவன் வரவில்லை. அவன் பெண்டாட்டி தினமும் கோட்டைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். கடலைப் பார்த்துக் கூப்பிட்டால் காற்று வாய்க்குள்ளேயே திருப்பி அடிக்கும் என்பதால் சுவரைப் பார்த்துக் கூப்பிடுவாளாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் செத்தாள். கேட்டுக் கேட்டுச் சுவருக்கு அந்தக் கூப்பாடு பழகிவிட்டது. அன்றிலிருந்து ஆள் வராத வீட்டுப் பெண் யார் போய் மூன்று தடவை கூப்பிட்டாலும், போனவன் உயிரோடு இருந்தால் சுவர் பதில் கொடுக்கும். இல்லையென்றால் பேசாமல் இருக்கும். மரக்காணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள் என்றாள் அத்தை.

"செவுருக்கு எப்படி அத்தை தெரியும்?" என்று கேட்டேன்.

"கம்னு கெட" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் கூப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலில் இருக்கிற ஆளை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பெயரைத் தெரிந்துகொண்டால் கடல் பிறகு தானாகவே கூப்பிட ஆரம்பித்துவிடும் என்று பயம். மூடுபனியில் கரை தெரியாமல் போட் தடுமாறினால், கரையிலிருந்து நீளமாக ஓர் ஓசை கொடுப்பார்கள். போட்டில் இருப்பவன் தன் வீட்டுக்கென்று இருக்கிற பதிலைக் கொடுப்பான். வீட்டுக்கு வீடு அது வேறு. எங்கள் வீட்டுப் பதில், நீளமாக ஓர் "ஓ...வ்", அப்புறம் கத்தரித்த மாதிரி இரண்டு சின்ன "ஓ, ஓ". சித்தப்பா என்னைத் தோளில் உட்கார வைத்து அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெண்பிள்ளைக்கு எதற்கடா இதெல்லாம் என்று அத்தை திட்டுவாள். நான் கக்கூஸில் உட்கார்ந்தும் அதைப் பழகிக்கொண்டிருந்தேன்.

கோட்டை என்றதும் நான் கொடி, கொத்தளம், யானை நுழைகிற வாசல் என்றெல்லாம் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். கடப்பாக்கத்தில் திரும்பி, மண் பாதையில் குதித்துக் குதித்துப் போய் வேன் நின்ற இடத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. இடிந்த செங்கல் சுவர்தான் அங்கங்கே நின்றது. பாதிக் கோட்டையைக் கடல் தின்றுவிட்டிருந்தது. மிச்சத்தை ஆலமர வேர் பிளந்துகொண்டிருந்தது. எழுத்து அழிந்துபோன ஒரு அரசாங்கப் போர்டு, அதன் காலில் முதுகைத் தேய்த்துக்கொள்கிற ஒரு வெள்ளாடு. ஒரு பக்கம் கழிமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, மறுபக்கம் கடல் இரைந்தது. இதற்கா ஐந்து மணிக்கு எழுப்பினார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கோபமும் அடங்கிவிட்டது. நைனா பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி செலவழித்தார்.

சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடாதாம். என்னை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாலு பேரும் சுவரைச் சுற்றிக் கடல் பக்கம் போனார்கள். சித்தியின் அப்பா கையில் நீலப் பை இருந்தது. டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். நான் நூறு வரை எண்ணினேன். அப்புறம் இறங்கிவிட்டேன்.

உள்பக்கமாக ஓடினால் சுவருக்கு அடியில் குகை மாதிரி ஓர் அறை இருந்தது. வளைந்த கூரை, பாதி மண் மூடிய வாசல். முட்டி போட்டுத்தான் நுழைய முடிந்தது. உள்ளே வௌவால் நாற்றம், உடைந்த பாட்டில், சுவர் முழுக்க ஆணியால் கீறிய காதலர்கள் பெயர். கடல் பக்கச் சுவரில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தேன்.

சித்தி எனக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் நின்றாள். கடலில் முழுக்காட்டியிருந்தார்கள். ஈரப் புடவை உடம்போடு ஒட்டி, தலையில் மல்லிகைப்பூ கலைந்து தொங்கியது. குளிரில் பல் கிட்டியது. அவளுக்குப் பின்னால், தண்ணீர் ஓரமாக, அத்தையும் நைனாவும் அவள் அப்பாவும் வரிசையாக நின்றார்கள். சுவரைப் பார்த்து நின்றது சித்தி மட்டும்தான் என்று சொல்லலாம். மற்ற மூன்று பேரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்புடும்மே" என்றாள் அத்தை.

சித்தி கூப்பிட்டாள். நீளமான ஓசை. சுவரில் மோதி உடைந்தது. அலை வந்து போனது, இன்னோர் அலை வந்து போனது. ஒன்றும் இல்லை. அத்தை இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

இரண்டாவது முறை கூப்பிட்டாள். அதற்கும் ஒன்றும் இல்லை. அத்தை அழுது அதுவரை நான் பார்த்ததே இல்லை. சித்தப்பாவின் போட் கவிழ்ந்து வந்த அன்றைக்குக்கூட அவள் கத்தினாளே தவிர அழவில்லை. இப்போது வாயைத் திறந்துகொண்டு, சத்தமே வராமல், முகம் கோணி அழுதாள். பார்க்கவே பயமாக இருந்தது. சித்தியின் அப்பா தரையில் வைத்திருந்த நீலப் பையை மெதுவாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் அழுகையே இல்லை. அவ்வளவு அமைதியாக அவள் முகம் இருந்து நான் பார்த்ததில்லை. நம்பிக்கை போய்விட்டால் மனிதர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது கூப்பாடு அவள் உதட்டை விட்டுத் தாண்டவே இல்லை. எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. தொண்டை அடைத்துவிட்டது பாவம், என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கையையும் வாய்க்கு மேல் குவித்து, வளைந்த கூரையைப் பார்த்து, மூச்சு இருக்கிற மட்டும் கொடுத்தேன். ஒரு நீளம், அப்புறம் கத்தரித்தாற்போல இரண்டு. அந்த அறை என் குரலை வாங்கிப் பெரிதாக்கி, தடியாக்கி, ஓட்டை வழியாக வெளியே தள்ளியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"தம்பீ!" என்று அலறிக்கொண்டு அத்தை மணலில் விழுந்தாள். நைனா அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டு ஓசை அது, வேறு எவனுக்கும் வராது, நீங்களும் கேட்டீங்க இல்ல, நீங்களும் கேட்டீங்க இல்ல என்று அத்தை சித்தியின் அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். கேட்டிருந்தாரே, மறுக்க முடியாது.

சித்தி மட்டும் நேராகச் சுவரிடம் வந்தாள். ஓட்டையில் கை வைத்துக் குனிந்தாள். அவள் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். எப்படி, பார்த்தியா என்பது போல. சித்தி சிரிக்கவில்லை. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கண் என் முகத்தில் எதையோ தேடியது போல இருந்தது.

"இன்னாம்மா கீது அங்க?" என்று நைனா பின்னாலிருந்து கேட்டார்.

சித்தி யோசித்தாள். வழக்கத்தைவிட நிறைய நேரம் யோசித்தாள்.

"ஒண்ணும் இல்ல மாமா," என்றாள். "செவுருதான்."

அத்தை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இடுப்பில் செருகி வைத்திருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, வகிட்டிலும் நெற்றியிலும் அப்பினாள். ஈர நெற்றியில் அது வழிந்து மூக்கு வரை வந்தது. நான் குனிந்து வெளியே வந்து, வேனுக்கு ஓடிப்போய், கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தேன்.

திரும்பி வந்த பயணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், பிறகு நடந்தவற்றைச் சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமலே எழுந்துவிடுவேன்.

சித்தப்பா வரவில்லை. இன்று வரை வரவில்லை. சித்தி எங்கள் வீட்டில் மேலும் ஆறு வருஷம் இருந்தாள். தினமும் தட்டு வைத்தாள். ஆலம்பரையில் பதில் வந்த கதை கடலோரம் முழுக்கப் பரவி, யார் யாரோ வந்து அவள் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கொடுத்துவைத்தவ என்றார்கள். கிண்டித் தையல் கம்பெனி வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவள் அப்பா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு எங்கள் பக்கமே வரவில்லை. ஏழு வருஷம் ஆள் தகவலே இல்லையென்றால் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லி, நைனாதான் அத்தைக்குத் தெரியாமல் அலைந்து காகிதம் வாங்கினார். சுவர் பொய் சொன்னதாக அத்தை கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சித்தி அதே நீலப் பையோடு கிளம்பிப் போனபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. காதோரம் நரைத்திருந்தது.

இப்போது கே.கே. நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். நான் ஆபீஸுக்குக் கட்டுகிற புடவைகளுக்கு அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறேன். டேப்பை என்னைச் சுற்றிப் போட்டு, "மூச்சை விடு பாப்பா" என்பாள். ஆலம்பரையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. கேட்டுவிட வேண்டும் என்று போவேன். லைனிங் துணியைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே அம்மாதான் சொன்னாள். எந்தப் பேச்சிலிருந்து அது வந்தது என்று மறந்துபோய்விட்டது. "உங்க சித்தப்பன் போன அன்னிக்கு இந்த ஊட்ல நிம்மதியாத் தூங்கினது அவ ஒருத்திதான். நான் பக்கத்துலதான படுத்துகினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?" கத்தியை அலசிவிட்டு, "அடிச்ச அடி அப்படி" என்று சேர்த்துக்கொண்டாள். நான் அங்கிருந்து எழுந்துபோய் மொட்டை மாடியில் நின்றேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

சரி, வேனுக்கு வருகிறேன்.

கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் சித்தியின் அப்பா இறங்கிக்கொண்டார். நான் பஸ்ஸில் போய்க்கிறேன் என்றார். நீலப் பையைச் சித்தியின் மடியில் வைத்து, "வெச்சுக்கோம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. வேன் கிளம்பியபிறகும் பஸ் வருகிற திசையைப் பார்க்காமல் அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போக அவருக்கு ஏன் அவசரமில்லை என்று நினைத்தேன்.

பின்சீட்டில் நானும் சித்தியும் மட்டும். என் முட்டி, உள்ளங்கை, பாவாடை எல்லாம் செங்கல் பொடி அப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சித்தியும் பார்த்தாள். ஈரமாகவே இருந்த முந்தானையால் முட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். மெதுவாக, பொறுமையாக, மூலை மூலையாகத் துடைத்தாள். அதற்குள் முன்சீட்டிலிருந்து அத்தை திரும்பிவிட்டாள்.

"இன்னாடி பாவாடையெல்லாம் செவப்பு? எங்க போய்த் தொலைஞ்ச?"

மாட்டினேன், செத்தேன் என்று நினைத்தேன். அத்தையின் அடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சித்தி என் முட்டிமேல் இருந்த கையை எடுக்கவில்லை. வெளியே சவுக்குத் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிகிட்டயேதான் வெளாடிகினு இருந்துச்சு அண்ணி," என்றாள். "நான்தான் பார்த்தேனே."

அத்தை சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு யார்மேலும் கோபம் வருவதாக இல்லை. திரும்பிக்கொண்டாள். எனக்காகப் பொய் சொல்லி என்னை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டாள் என் சித்தி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அவளுக்கு அவ்வளவு பெரிய உதவி செய்திருக்கும்போது அவள் எனக்கு இதைக்கூடச் செய்ய மாட்டாளா என்றும் தோன்றியது. அவள் மடியிலிருந்த பையைத் தள்ளிவிட்டு அங்கே தலையை வைத்துப் படுத்தேன். அவள் கை என் தலையில் வந்து விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

"சந்தோஷமா சித்தி?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"ம்," என்றாள். "தூங்கு பாப்பா."

என் கன்னத்தில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இன்னும் தலை காயவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் சித்தி எங்கேயும் போக மாட்டாள் என்கிற நிம்மதியில், கல்பாக்கம் வருவதற்குள் தூங்கிப்போனேன்.